கை தூக்கினால் நிற்கும்

சித்தூர் பஸ் டிப்போவில் டிரைவர் செங்கல்வராயனுக்கு ரிட்டயர்மென்ட் மாலை போட்ட அன்றைக்கு, மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இந்த மனுஷன் ஒரு நாள் கூட டிரிப்பைப் பாதியில் விட்டதில்லையாம். முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த அவர் பெண்சாதி தாட்சாயணிக்கு அதைக் கேட்டதும் இருமல் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஒரு அம்மா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அது இருமல் இல்லை, அடக்கப் பார்த்த சிரிப்பு என்று கண்டுகொண்ட ஒரே ஆள், மேடையில் சாமந்தி மாலைக்குள் மூக்கு வரை மூழ்கிக் கிடந்த செங்கல்வராயன்தான்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? ரோட்டில் அவர் எப்படியோ, வீட்டில் அவர் எடுத்த வண்டி எதுவும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. டிப்போவில் ஷிஃப்ட் முடிந்தால் சாவியை ரிலீவர் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். மீதியை ரிலீவர் பார்த்துக்கொள்வான். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார். வீட்டு ரிலீவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. முன்னெல்லாம் அவர் வீட்டில் இருந்த நேரம் கம்மி, அதனால் சேதமும் கம்மி. ரிட்டயர் ஆனதும் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். பொழுதுபோக்கு வேண்டும் என்று வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

முதல் பொழுதுபோக்கு பெயிண்ட். வாசல் கேட்டுக்குப் பச்சை அடித்தார். இடது கதவை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த டீயை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கதவு துருவோடு துருவாக அப்படியே நின்றது. கொரியர்காரன் "பாதிப் பச்ச வூடு எது?" என்று கேட்டுக்கொண்டு தெருவுக்குள் வர ஆரம்பித்தான்.

அடுத்தது மாடித் தோட்டம். தேய்ந்த டயர்களை மொட்டைமாடிக்கு உருட்டி ஏற்றி, மண் கொட்டித் தக்காளி நட்டார். நட்டதோடு அவர் டியூட்டி முடிந்தது. தண்ணீர் ஊற்றினது, குச்சி கட்டினது, பூச்சி எடுத்தது எல்லாம் தாட்சாயணி. தக்காளி பழுத்தது. பறிக்கிறேன் பறிக்கிறேன் என்று அவர் படியேறுவதற்குள் மலைப்பக்கத்திலிருந்து குரங்குகள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டன.

"கொரங்காவது வந்த வேலைய முடிச்சிட்டுப் போச்சி," என்றாள் தாட்சாயணி.

அப்புறம் ஆர்மோனியம். ச, ரி, க வரைக்கும் ஒழுங்காகப் போனது. அந்த இடத்தில் பாட்டு வாத்தியார் கொஞ்சம் வேகத்தைக் கூட்டச் சொன்னார். இவர், இது வளைவு, இங்கே கூட்ட முடியாது என்றார். வாத்தியார் மேல்துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து விடிந்தால் ச ரி க, ச ரி க. தெருவே 'ம' எப்போது வரும் என்று காத்துக் கிடந்தது. அடுப்படியில் நின்றபடி தாட்சாயணி தானாகவே 'ம... ப...' என்று மீதியைப் பாடி முடித்ததைப் பக்கத்து வீட்டு பாலையா தன் காதால் கேட்டிருக்கிறார்.

கடைசியாக வந்தது கலம்காரி என்கிற துணி ஓவியம். காளஹஸ்திக்கு பஸ் ஏறிப் போய், மூங்கில் பேனா பிடிக்கக் கற்றுக்கொண்டு, எருமைப்பால் வாடை வீசும் துணி ஒன்றோடு திரும்பினார். பிள்ளையார் வரையப்போவதாகச் சொன்னார். முதலில் மூஞ்சூறை வரைந்தார். சும்மா சொல்லக்கூடாது, மீசை முதல் வால் வரை மூஞ்சூறு உயிரோடு இருக்கிற மாதிரி வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனதில் பிள்ளையார் ரிலீவர் பொறுப்புக்குப் போய்விட்டார். ஹாலில் தொங்கிய துணியில் மூஞ்சூறு மட்டும் தலையைத் தூக்கி, முதலாளியைக் காணோமே என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

வினை அந்த மூஞ்சூறு வழியாகத்தான் வந்தது. நகரியிலிருந்து தாட்சாயணியின் தங்கை ரத்தினம்மா வெற்றிலை பாக்கோடு வந்தாள். ஹாலுக்குள் கால் வைத்தவள் நின்று, துணியைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னாக்கா, உங்க வூட்ல எலியவா கும்புடறீங்க?" என்று உண்மையான பக்தியோடு கேட்டாள்.

அன்று சாயங்காலம் தாட்சாயணி பையில் புடவைகளை அடுக்கினாள். கோபமாக அடுக்கியிருந்தால் செங்கல்வராயன் சமாளித்திருப்பார். அவள் நிதானமாக, மடிப்புக் கலையாமல் அடுக்கினாள்.

"சண்ட இல்லீங்க. ரத்தினம்மா வூட்ல நாளெல்லாம் பவர்லூம் நிக்காம ஓடி சேலைய முடிச்சிக்கினு இருக்கும். எனக்கு அந்தச் சத்தமே போதும். நீங்க ஒன்னே ஒன்ன முழுசா முடிங்க. எதுனாலும் சரி. முடிச்சிட்டு போன் பண்ணுங்க, வரன்."

பாதிப் பச்சை கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். வெளியே போகும்போது பச்சைக் கதவை மட்டும்தான் சாத்தினாள். மீதிக் கதவை இவர் சாத்திக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறாள்.

செங்கல்வராயன் முதலில் சிரித்தார். அப்புறம் தானே ரசம் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

இதில் என்ன கஷ்டம், மிச்சத்தை முடித்தால் போச்சு என்று கேட்டுக்குத்தான் முதலில் போனார். கடைக்காரன் கொடுத்த பச்சை வேறு பச்சை. நாலு இழுப்பு இழுத்ததும் கேட் ஏதோ புதுக் கட்சியின் கொடி மாதிரி ஆகிவிட்டது. ஆர்மோனியத்தைத் திறந்தால் துருத்தியை நிஜ எலி கடித்து வைத்திருந்தது. பிள்ளையாருக்குத் தும்பிக்கையிலிருந்து ஆரம்பித்தார். அது இறங்கி இறங்கி மூஞ்சூறின் தலைமேல் போய் உட்கார்ந்தது. மூஞ்சூறு பாவம் என்று நிறுத்திவிட்டார்.

பாலையாதான் வழி கண்டுபிடித்தார். பால் டெயிரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்த் திரும்பத் தமிழில் வந்து இறங்குவார். திருப்பதியில் வாக்கிங் சங்கம் ஒன்று அறுபது தாண்டியவர்களுக்கு ஓட்டம் வைப்பதாக அவர் போனில் செய்தி வந்திருந்தது. அலிபிரியில் கிளம்பிக் கபில தீர்த்தம் ரோடு வழியாக ஒரு மைதானம் வரைக்கும். ஐந்து கிலோமீட்டர். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே வேன் வரும். வேனில் ஏறினால் மோர் உண்டு, மெடல் கிடையாது.

"அன்னா, ஆலோச்சன செய்யி. இதுல ரிலீவர் கெடையாது. நீ ஏர்ன வண்டிய நீயேதான் கொண்டு போயி நிறுத்தணும். கோடு தாண்டினா அயிப்போயிந்தி, முடிஞ்சிபோச்சி. அக்கா கேட்டதும் அதேதான?"

செங்கல்வராயன் தன் காலைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் பிரேக்கும் கிளச்சும் மிதித்ததைத் தவிர அந்தக் கால்கள் வேறு பெரிய வேலை செய்ததில்லை. ஆனாலும் பேரைக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே சித்தூர் ஒரு காட்சியைப் பார்த்தது. காக்கி பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ரோட்டின் இடது ஓரமாக, அளவான வேகத்தில் ஒரு தொப்பை வந்தது. தொப்பைக்குப் பின்னால் செங்கல்வராயன் வந்தார். திரும்புவதற்கு முன் கையை நீட்டி சிக்னல் காட்டினார். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவானார். வளைவில் எவனையும் முந்தவில்லை. ஆட்டோக்காரர்களே மரியாதையாக வழி விட்டார்கள்.

அது வரைக்கும் சரி. அப்புறம்தான் கை வந்தது.

அவர் ஓட்டியது எக்ஸ்பிரஸ் இல்லை, பல்லெ வெலுகு என்கிற கிராமத்து பஸ். பங்காருபாளையத்தைச் சுற்றி எந்தெந்த மாந்தோப்புக்கு நடுவில் ஊர் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்வரும். அந்த பஸ்ஸின் நெற்றியில் தெலுங்கில் ஒரு வாசகம் எழுதியிருக்கும்: கை தூக்கிய இடத்தில் பஸ் நிறுத்தப்படும். மற்ற டிரைவர்களுக்கு அது பெயிண்டர் எழுதின வெறும் எழுத்து. செங்கல்வராயனுக்கு அப்படி இல்லை. அவர் பிறந்த காலனியில் ஒரு குடும்பத்துக்கும் சொந்த நிலம் கிடையாது, அதனால் ஸ்டாப்பும் கிடையாது. அவர் நைனா கூலியாகக் கிடைத்த மாங்காயைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு, ஒரு கையால் கூடையைப் பிடித்து மறு கையைத் தூக்கியபடி நிற்பார். பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். நைனா மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் பார்த்திருக்க மாட்டான் என்று மகனிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பார். மகன் பிற்பாடு டிரைவர் ஆனபோதுதான் தெரிந்தது, அந்த சீட்டில் உட்கார்ந்தால் எல்லாமே தெரியும் என்று. அன்றிலிருந்து எங்கே எவன் கை தூக்கினாலும் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். முதுகு சொறியக் கை தூக்கினவனுக்கெல்லாம் கூட பஸ் நின்றிருக்கிறது.

இப்போது பஸ் இல்லை, கால் மட்டும் இருக்கிறது. கால் அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றது.

காலையில் ஓடினால் ஊரே வணக்கம் வைத்தது. அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. ஒவ்வொரு கைக்கும் நின்றார். நின்றதோடு விட்டால் பரவாயில்லை. கண்டக்டர் 'ரைட்' சொல்லாமல் வண்டியை எடுத்து அவருக்குப் பழக்கமே இல்லை. யாராவது அதைச் சொல்லும் வரை நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நிற்பார். தெருப் பயல்களுக்கு இது தெரிந்த பிறகு பள்ளிக்கூடம் ஒரு பொருட்டாகவே இல்லை. முனைக்கு முனை ஒருத்தன் கை தூக்கிக்கொண்டு நின்றான்.

கீரை விற்கும் செல்லியம்மா இதையும் மிஞ்சினாள். வருஷக்கணக்காக அவர் பஸ்ஸில் கீரை ஏற்றி வந்தவள். கை தூக்கினாள், அவர் நின்றார். கூடையை எடுத்து அவர் இடுப்பில் சாய்த்தாள்.

"மார்க்கெட் பக்கம்தான போற? எறக்கி வெச்சிட்டுப் போ சாமி. முன்னெல்லாம் லக்கேஜி ஏத்த மாட்டியா இன்னா?"

அவர் கூடையை வாங்கிக்கொண்டார். அந்த வாரத்துக்குள் செங்கல்வராயன் ஓடிக்கொண்டே கீரை, டிபன் பாக்ஸ், மாவரைக்கக் கொடுத்த அரிசி, ஒரு தடவை உயிருள்ள கோழி என்று எல்லாவற்றையும் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தார். எதுவும் தாமதமாகவில்லை. பாலையா தலையில் கையை வைத்துக்கொண்டார். இது ஓட்டப் பயிற்சி இல்லை, பார்சல் சர்வீஸ் என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டு ஓடச் சொன்னார். போட்டு ஓடி ஒரு எருமையோடு மோதியதுதான் மிச்சம். எருமை கையும் தூக்கவில்லை, நகரவுமில்லை.

ராத்திரி சாப்பிடும்போது நகரிக்கு போன் போடலாமா என்று எடுத்து எடுத்து வைத்தார். என்ன சொல்வது? ஆரம்பித்திருக்கிறேன் என்றா? ஆரம்பிக்கிறதில் அவரைப் பற்றி அவளுக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. போனை மூஞ்சூறுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் பாலையா ஒரு முடிவுக்கு வந்தார். நிற்பதை நிறுத்த முடியாது. ஆனால் கிளப்ப முடியும். அவரும் பேரைக் கொடுத்தார். கண்டக்டர் இல்லாமல் இந்த வண்டி திருப்பதி போய்ச் சேராது என்று டீக்கடையில் அறிவித்தார்.

ஓட்டத்தன்று அலிபிரியில் மலை பனிக்குள் பாதி ஒளிந்திருந்தது. ஒரே நிற பனியனில் தாத்தாக்களும் பாட்டிகளும் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கினார்கள். செங்கல்வராயன் குதிக்கவில்லை. கிளம்புவதற்கு முன் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்து ஒவ்வொரு ஷூவையும் தட்டிப் பார்த்தார். எல்லா எக்ஸ்பிரஸ் டிரைவர்களும் ஓட்டின ஊர் இது. டிப்போவில் ஒரு தடவை கூட அவருக்குத் திருப்பதி டியூட்டி போட்டதில்லை. அதனால் நெற்றியில் விபூதியைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தார்.

விசில் அடித்தார்கள். கிளம்பினார். நன்றாகத்தான் கிளம்பினார். பாட்டி ஒருத்தியைக் கூட ஹாரன் கொடுத்து, அதாவது தொண்டையைச் செருமி, முந்தினார். அலிபிரி என்பது மலையேறுகிறவர்கள் கூடும் இடம் என்பதை மட்டும் பாலையாவும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. எதிரே நாமம் போட்ட ஒரு பெரும் குடும்பம் வந்தது. மலையைப் பார்த்ததும் அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோவிந்தா போட்டார்கள்.

செங்கல்வராயன் நின்றார்.

"ரைட்," என்றார் பாலையா.

கிளம்பினார். அடுத்த கூட்டம், அடுத்த கோவிந்தா. நின்றார். ரைட். முந்தின பாட்டி திரும்ப அவரை முந்திக்கொண்டு போனாள். கபில தீர்த்தம் தாண்டுவதற்குள் முன்னால் ஓடினவர்களின் முதுகு கூடத் தெரியவில்லை. அதை விட மோசம், பாலையாவுக்கு மூச்சு வாங்கிற்று. பின்னால் ஊர்ந்து வந்த வேனைப் பார்த்தார். அதற்குள்ளிருந்த மோரைப் பார்த்தார்.

"அன்னா, நா ஃபுட்போர்டுல வரன்," என்று சொல்லி ஏறிவிட்டார்.

ஆனால் டியூட்டியை விடவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி மோரை உறிஞ்சிக்கொண்டே வந்தார். முன்னால் ஒரு கை தூக்கும்போதெல்லாம் வேன் ஜன்னலிலிருந்து 'ரைட்' வந்தது. வேன்காரர் இரண்டு தடவை செங்கல்வராயனை மரியாதையாக உள்ளே கூப்பிட்டார். பேசாமல் ஏறிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. முட்டி இரண்டும் தனித்தனியாக வலித்தன. ஆயுசுக்கும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவன் பின் சீட்டில் போய் இறங்குவதா என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், வீட்டில் அந்தத் துருப்பிடித்த கதவு தெரிந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினார். தன் கையைப் பார்த்துத் தானே நின்று, வேனிலிருந்து 'ரைட்' வந்ததும் திரும்பக் கிளம்பினார்.

மைதானத்து வாசலில் வேனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஓடுகிறவர்கள் மட்டும்தான் போகலாம். செங்கல்வராயன் தனியாக உள்ளே நுழைந்தார். கடைசி ஆள் வருகிறார் என்று மைக்கில் சொன்னார்கள். ஓடி முடித்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பந்தல்காரர்கள் என்று கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற அத்தனை பேரும், பாவம் இந்தப் பெரியவரை உற்சாகப்படுத்துவோம் என்று, ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

ஒரு சந்தை நாள் கூட்டம் மொத்தமும் ஒரே ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. செங்கல்வராயன் நின்றுவிட்டார். கோடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அவர் நின்றதும் ஐயோ சோர்ந்துவிட்டார் என்று கையை இன்னும் உயரத் தூக்கி இன்னும் வேகமாக ஆட்டினார்கள். எந்தக் கையை விட்டுவிட்டுப் போவது? அவர் நைனாவும் இப்படித்தான், கடைசி வரைக்கும் தூக்கின கையை இறக்காமல் நின்றார். கால் ஆணி அடித்த மாதிரி நின்றது. பந்தலிலிருந்து யாரோ ஸ்ட்ரெச்சரைப் பற்றிப் பேசினார்கள்.

அப்போதுதான் பார்த்தார். அத்தனை கைகளுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோளில் புடவைப் பை. தாட்சாயணி.

பாலையாதான் போன் போட்டிருக்க வேண்டும்.

அவள் அவரைப் பார்த்தாள். சுற்றி ஆடின கைகளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணினவளுக்கு விஷயம் புரிய அதற்கு மேல் நேரம் ஆகவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். தடுக்க வந்த வாலண்டியரை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஒதுங்கிக்கொண்டான். நேராக நடந்து கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். திரும்பி நின்றாள். பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கையை எல்லாரையும் போல ஆட்டாமல், பங்காருபாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போலத் தோள் உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டிக் காற்றில் இரண்டு தட்டு தட்டினாள்.

மற்றவர்கள் தூக்கினது கை. இதுதான் பயணி.

வாசல் பக்கம் பாலையா இறங்கி ஓடி வந்திருந்தார். மோர் பாக்கெட் பல்லில் மாட்டியிருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த தகர விளம்பரப் பலகையில், கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுகிற மாதிரி, உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தார்.

செங்கல்வராயன் கிளம்பினார். முதல் கியர், இரண்டாவது கியர். இரண்டு பக்கத்துக் கைகளும் மெல்லப் பின்னால் போயின. கோடு காலுக்குக் கீழே போனதை அவர் கவனிக்கக்கூட இல்லை. அவர் கவனம் எல்லாம், பஸ் படி சரியாக அவளுக்கு எதிரே வந்து நிற்க வேண்டும் என்பதில் இருந்தது. முன்னேயும் போகாமல் பின்னேயும் நிற்காமல், அவள் ஓரடி கூட எடுத்து வைக்க வேண்டாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள். அவர் வேர்வையில் கண் திறக்க முடியாமல், இடுப்பில் கை வைத்து உறுமிக்கொண்டு நின்றார்.

தாட்சாயணி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். ஷூ லேஸ் ஒன்று அவிழ்ந்திருந்தது. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். விபூதி பாதி போனது, பாதி நின்றது. மீதியையும் அவளே துடைத்தாள்.

"சித்தூர் போவுமா?" என்று கேட்டாள்.

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"போவும். ஏறு."

அவள் பையை அவர் கையில் கொடுத்தாள். அப்புறமும் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. என்ன என்பது போல அவள் பார்த்தாள். பாலையா பாக்கெட்டைப் பல்லிலிருந்து பிடுங்கி எடுத்தார்.

"ரைட்," என்றார்.